வயதுவந்த ஸ்திரீகளின் மரணம் குறைந்த விதம்

நடுவயதுத் தாய் ஒருத்தி மாண்டால், அவள் குடும்பம் அடையும் நஷ்டம் அளவிடற்கரியது. சிறு குழந்தைகள் போஷிப்பாரின்றித் தவிக்கும். கறவைமாடு கவனிப்பாரற்றுப் போகும். வைத்தியத்திற்கு வாங்கிய கடன் மட்டும் சங்கத்தின் பேரேட்டில் நிற்கும். ஆகையால் இவ்விஷயம் கூட்டுறவுச் சங்கத்தாரின் கவனத்திற்கு உரியதேயாம்.

உலகில் அநேகமாய் எல்லாத் தேசங்களிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிக காலம் ஜீவிக்கின்றனர். இந்தியாவிலோ 1970–75இல் ஆண்களின் சராசரி ஆயுள் 50.5 வருஷமாகவும், பெண்களுடையது 49 வருஷமாகவும் இருந்தது. பெண்குழந்தைகளைப் பேணாமையும், பிரசவத்தில் தாய்மார் இறந்தமையும் இதற்கு முக்கிய காரணங்கள். 2016–20இல் நிலைமை மாறி, பெண்களின் ஆயுள் 71.4 வருஷமாகவும் ஆண்களுடையது 68.6 வருஷமாகவும் ஆயின.

பிரசவ மரணத்தை, உயிருடன் பிறக்கும் ஒரு லக்ஷம் குழந்தைகளுக்கு இத்தனை தாய்மார் என்று கணக்கிடுவது வழக்கம். தமிழ்நாட்டில் இத்தொகை 2004–06இல் 111, 2018–20இல் 54. இந்தியா முழுமைக்கும் 254 ஆக இருந்தது 97 ஆயிற்று.

இக்குறைவு எவ்வாறு நேர்ந்தது? பிரசவத்திற்குப் பின் பெருகும் இரத்தம் இரண்டு மணி நேரத்தில் உயிரைப் போக்கவல்லது. சென்னை எழும்பூர்ப் பிரசவ வைத்தியசாலை 1844இலேயே ஸ்தாபிக்கப்பட்டது; எனினும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து கட்டைவண்டியில் புறப்பட்ட தாய்க்கு அஃது எட்டாத தூரமே. அபாயத்தை அறிவதில் தாமதம், வழியில் தாமதம், சிகிச்சையில் தாமதம் என்னும் மூன்றுமே தாய்மாரைக் கொன்றன. கிராம சுகாதாரச் செவிலியர் முதலாவதையும், 2008இல் தொடங்கிய 108 வண்டி இரண்டாவதையும், இரவு பகலாகப் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இரத்த வங்கிகளும் மூன்றாவதையும் குறைத்தன. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்துக் குறையைக் கண்டறியும் ஏற்பாடும் பெரிதும் உதவிற்று. திருவள்ளூரில் 2022இல் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

ஆயினும் அபாயம் முற்றும் நீங்கவில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகையுடையோர். நல்ல தேகஸ்திதியுள்ளவள் தாங்கும் இரத்தப்போக்கை இவர்கள் தாங்கார். பிரசவ மரணம் குறையக் குறைய இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, மார்பிலும் கருப்பை வாயிலும் தோன்றும் புற்றுநோய் ஆகியவை முன்னுக்கு வருகின்றன. இவை ஆரம்பத்தில் வலியின்றி வளர்வதால், நோவு கண்டபின் வைத்தியரை நாடுவது காலங்கடந்த செயலாகும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்து ஒடிசா, பீஹார் முதலிய பிரதேசங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் வாடகை அறைகளில் வசிக்கின்றன. பாஷை அறியாத கர்ப்பிணி செவிலியரின் பதிவேட்டில் சேராமற்போவது எளிது. பதிவில் இல்லாதவளுக்கு மேற்கண்ட ஏற்பாடுகள் உரிய காலத்தில் எட்டுவது அரிது.

சங்க அங்கத்தினர் செய்யத்தக்கவை:

1. கர்ப்பம் அறிந்தவுடன் செவிலியரிடம் பதிவு செய்வித்தல். வாடகைக்குக் குடியிருப்போரையும் விடாதிருத்தல்.

2. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்ளச் செய்தல். காப்பி, தேநீருடன் அதனை உட்கொள்ளலாகாது.

3. முப்பது வயது கடந்த ஸ்திரீகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கு அனுப்புதல்.

4. சங்கம் நடத்தும் நியாயவிலைக் கடையில், சகலரும் காணுமாறு செவிலியர் வரும் நாளையும் 108 என்னும் எண்ணையும் எழுதிவைத்தல்.

இவற்றுக்குச் செலவு சொற்பம். தப்பும் உயிரோ ஒரு குடும்பத்தின் ஆதாரம்.