காயம் சிறிது, வலி பெரிது என்றால்: எக்ஸ்ரேயும் ஸ்கானும் எதைச் சொல்லும்?

காணி துப்புரவாக்கும் நாட்களில் முள்ளுக்கம்பி கீறுவதும் பழைய தகரம் வெட்டுவதும் வழமை. பெரும்பாலான காயங்களைச் சவர்க்காரமிட்டுச் சுத்தமான நீரில் கழுவி, ஏற்பு ஊசியும் போட்டுக்கொண்டால் ஆறிவிடும். ஆனால் சில காயங்களில் கிருமி ஆழத்துக்கு இறங்கி, தோலுக்குக் கீழுள்ள கொழுப்பையும் தசையை மூடிய உறையையும் அழுகச் செய்யும். இது மணித்தியாலக் கணக்கில் பரவும், உயிரையும் பறிக்கும். சலரோகம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

ஆரம்பத்தில் தோலில் சிறிய சிவப்பு மட்டுமே தெரியலாம். வலியோ தாங்க முடியாததாக இருக்கும். காயத்துக்கும் வலிக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மையைக் கவனியுங்கள். பின்னர் வீக்கம் இறுகும், தோல் கருநீலமாகும், கொப்புளம் போடும், காய்ச்சலும் மயக்கமும் வரும். வலி திடீரென நின்று இடம் விறைத்துப் போனால் சுகமாகிறது என்று எண்ண வேண்டாம். நரம்பு சேதமடைந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

வைத்தியசாலையில் முதலில் எக்ஸ்ரே எடுக்கக்கூடும். எலும்பும் உலோகமும் அதில் தெரியும். சில வேளைகளில் தசைக்குள் சேர்ந்த வாயுவும் தெரியும். வாயு தெரிந்தால் நிலைமை கடுமை. தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை, ஏனெனில் இந்நோய் உள்ள பலருக்கு வாயு தெரிவதேயில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் சீழ் தேங்கிய இடத்தைக் காட்டும். சீ.ரி. ஸ்கான் தொற்று எவ்வளவு ஆழம் போயுள்ளது என்பதை இன்னும் தெளிவாகக் காட்டும். அதற்காகப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப நேரலாம். எம்.ஆர்.ஐ. மிக நுணுக்கமானது, ஆனால் நேரம் எடுக்கும்.

“ஸ்கான் எடுத்துப் பார்த்த பிறகு கையொப்பம் வைக்கிறோம்” என்று குடும்பத்தினர் சொல்வது இயல்பு. வெட்டப்போவது உங்கள் பிள்ளையின் காலை அல்லவா? ஆனாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் வைத்தியர் ஸ்கானுக்குக் காத்திராமல் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோவார். திறந்து நேரில் பார்ப்பதே இந்நோயை உறுதிசெய்யும் வழி. அழுகிய பகுதியை அகற்றுவதும் அப்போதுதான். ஏன், எதற்கு என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்டு முடிவெடுப்பதை மறுநாளுக்குத் தள்ள வேண்டாம்.

இன்னொரு விடயம், நம்மில் பலர் சொல்லத் தயங்குவது: உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருந்தால் ஸ்கான் எடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பலமான காந்தம். சில உலோகத் துண்டுகளை அது அசைக்கக்கூடும். எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும், வந்த கதை தேவையில்லை. கர்ப்பம், சிறுநீரக நோய், மருந்து ஒவ்வாமை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.

சிவப்பின் ஓரத்தைப் பேனையால் சுற்றி வரைந்து நேரத்தையும் எழுதிவிட்டு உடனே புறப்படுங்கள். எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை அந்தக் கோடு வைத்தியருக்குச் சொல்லும். பத்துப் போட வேண்டாம். வாகனம் இல்லையென்றால் இரவானாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம்.