நடிகை தெரபிஸ்ட் ஆன கதையும் 3,000 மணி நேரமும்

கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசித் தேதி நெருங்க நெருங்க, உளவியல் படிப்பு பற்றிய கடிதங்கள் குவிகின்றன. பலவற்றில் ஒரே குழப்பம்: "டிவி நடிகையே நடு வயதில் தெரபிஸ்ட் ஆகிவிட்டாரே, அஞ்சல் வழியில் படித்து நாங்கள் ஆக முடியாதா?"

அந்த நடிகை பமீலா ஸ்டீபன்சன். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1979இல் பிபிசியில் தொடங்கிய 'நாட் தி நைன் ஓ'க்ளாக் நியூஸ்' தொடரில் செய்தி வாசிப்பாளர்களைக் கிண்டலடித்தே பிரிட்டனில் பெயர் வாங்கினார். 1984-85இல் அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்'. பிறகு கலிபோர்னியாவில் உளவியல் முனைவர் பட்டம், உரிமம்.

பட்டத்தை விடுங்கள். பட்டத்துக்கும் உரிமத்துக்கும் நடுவே ஓர் ஏற்பாடு இருக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்தில் உளவியலாளருக்கும் சரி, தம்பதியர், குடும்பங்களுக்கான தெரபிஸ்டுக்கும் சரி, 3,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி கட்டாயம். இரண்டாவது வகையில் 1,750 மணி நேரமாவது ஆலோசனை தேடி வருவோருடன் நேரடியாகக் கழிய வேண்டும். அதிலும் 500 மணி நேரம் தம்பதியர், குடும்பங்கள், குழந்தைகளோடு. பயிற்சிக் காலத்தில் தனியாகத் தொழில் நடத்த முடியாது. வருபவரிடம் கட்டணத்தைத் தன் கையால் வாங்கவும் கூடாது. சம்பளத்துக்கோ இலவசமாகவோ வேறொருவரின் கீழ் வேலை பார்க்க வேண்டும். மணி நேரக் கணக்குக்கு மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். மணிகளுக்குக் காலாவதியும் உண்டு: பொதுவாக, விண்ணப்பிக்கும் நாளுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முந்தையவை கணக்கில் வராது.

மக்களின் பாதுகாப்பே தலையாய கடமை என்கிறது உரிமம் தரும் வாரியம். சட்டத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பயிற்சி பற்றி வாரியத்தின் மேசைக்கு வருவது கையெழுத்திட்ட கணக்குதான்; அறைக்குள் ஒருவர் அழுதபோது பயிற்சியாளர் என்ன செய்தார் என்பது மேற்பார்வையாளர் சொன்னால்தான் உண்டு. குறைந்த சம்பளத்தில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பவர் யார்? கையிருப்பு உள்ளவர். வாடகைக்கே திண்டாடுபவர் பாதியில் நிற்பார், சேர்த்த மணிகளும் கரையும். நடிகைகள் இந்தத் தொழிலுக்கு மாற முடிவதில் திறமைக்குப் பங்குண்டு. சேமிப்புக்கு அதைவிடப் பெரிய பங்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருந்தாலும் பிரிட்டனுக்கு இது எவ்வளவோ மேல். அங்கே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ளத்தான் பதிவு வேண்டும். 'தெரபிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம்.

மற்ற கேள்விகள்:

நடிப்பு அனுபவத்துக்குச் சலுகை உண்டா? ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

2007இல் 'ஷ்ரிங்க் ராப்' நிகழ்ச்சியில் பிரபலங்களோடு பமீலா பேசியது சிகிச்சையா? கேமரா முன் நடந்ததால் பேட்டி. சிகிச்சை என்றால் ரகசியம்.

கலிபோர்னியா உரிமம் சென்னையில் செல்லுமா? தானாகச் செல்லாது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும்.

பொதுவான உளவியல் எம்.ஏ. மட்டும் போதுமா? அந்தப் பதிவுக்குப் போதாது.

அஞ்சல் வழியில்? 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி தடை போட்டுவிட்டது. இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.