ஆசனப் பிடிப்பும் ஆய்வறிக்கையும்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

மிதிவண்டியின் ஆசனத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டுமானால் என்ன செய்கிறோம்? ஸ்பானரை எடுத்து ஆசனத்துக்குக் கீழேயுள்ள நட்டைத் தளர்த்துகிறோம்; வேண்டிய உயரத்தில் நிறுத்தி மீண்டும் முறுக்குகிறோம். ஸ்பானர் கையில் இல்லையென்றால் உயரம் பொருந்தாத வண்டியிலேயே ஏறிப் போகிறோம். இந்தச் சிறு தொல்லையைத் தீர்க்க என் தந்தையார் ஒரு பிடிப்பைச் செய்தார். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் எழுதியவள் நான். அந்த விண்ணப்பத்துக்கு வந்த ஆய்வறிக்கை எனக்குக் கற்பித்தவற்றை இக்கட்டுரையில் கூற விழைகிறேன். வரலாறு படிக்கும் மாணவிக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கான விடையைக் கடைசியில் சொல்கிறேன்.

பிடிப்பு பிறந்த கதை

என் தந்தையார் சைக்கிள் கடை வைத்திருப்பவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்ட காலத்தில், வருவோர் ஒவ்வொருவருக்கும் சீட்டை ஏற்றியும் இறக்கியும் கொடுத்த கை அவருடையது. இன்று வாடகை வண்டி கேட்பார் இல்லை. பஞ்சர் ஒட்டுவதும் உதிரிப் பாகம் மாற்றுவதுமே தொழில். எங்கள் வீட்டிலுள்ள ஒரே வண்டியை அப்பா, நான், ஏழாம் வகுப்புப் படிக்கும் தங்கை ஆகிய மூவரும் ஓட்டுகிறோம். மூவருக்கும் மூன்று உயரம்.

முதலில் அப்பா நட்டுக்குப் பதிலாக ஒரு கைப்பிடியைப் பொருத்தினார். பழைய கியர் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றியது அது. அதன் அடியில் மையம் விலகிய சிறு உருளை உண்டு, ‘கேம்’ என்பார்கள். கைப்பிடியை மடக்கினால் உருளையின் தடித்த பக்கம் வந்து வளையத்தை இறுக்கும். விரித்தால் வளையம் தளரும். பின்னர் ஆசனத்தைத் தாங்கும் சீட் பில்லரில் எங்கள் மூவர் உயரத்துக்கும் மூன்று துளைகள் போட்டார். வளையத்தின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு முளையை அமைத்தார். முளை துளையில் விழுந்தால் ஆசனம் அவரவர் உயரத்தில் நிற்கும்.

ஒரு நாள் தங்கை அவசரத்தில், முளை துளையில் விழும் முன்பே கைப்பிடியை மடக்கிவிட்டாள். வெறும் இறுக்கத்தில் நின்ற ஆசனம், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது சட்டென்று கீழே போயிற்று. விழுந்தவளுக்கு இடக்கை மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. அப்பா இரண்டு இரவுகள் உறங்கவில்லை. மூன்றாம் நாள் பிடிப்பில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. கைப்பிடியின் உட்புறத்தில் ஒரு சிறு நாக்கு. முளை துளைக்குள் விழாதவரை அதன் வால் வெளியே நீண்டிருக்கும். நாக்கு அதில் இடித்துக் கைப்பிடி மடங்க மறுக்கும். முளை விழுந்தால்தான் வால் உள்ளே போகும், கைப்பிடியும் மடங்கும். மடங்கிய பின் நாக்கு வாலின் மேல் அமர்ந்துகொள்வதால் முளை தானாகக் கழலவும் முடியாது.

“இனிமே அவசரப்பட்டாலும் தப்பா மூட முடியாது கண்ணு” என்றார் அப்பா.

காப்புரிமை என்பது யாது?

நம் நாட்டில் இதனை ஆள்வது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அது 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் பெரிதும் திருத்தப்பட்டது. கொல்கத்தா, தில்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் இதற்கான அலுவலகங்கள் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்போர் கிண்டியிலுள்ள சென்னை அலுவலகத்தை நாட வேண்டும். உரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை, உரியவர் இசைவின்றிப் பிறர் அப்பொருளைச் செய்யவோ விற்கவோ இயலாது. அதற்கு ஈடாக, கண்டுபிடித்தவர் தம் செய்முறை முழுவதையும் ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும். காலம் முடிந்தபின் அது எல்லார்க்கும் பொதுவாகிவிடும்.

வடிவமைப்புப் பதிவு என்பது வேறு. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் ஒரு பொருளின் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டுமே காக்கும். முதலில் 10 ஆண்டுகள், பின்னர் மேலும் 5 ஆண்டுகள். பிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அது காக்காது. எங்களுக்கு வேண்டியது வேலையின் காப்பு. ஆகவே காப்புரிமையையே நாடினோம்.

தனி மனிதர் இணையவழியே விண்ணப்பிக்க 1,600 ரூபாய். ஆய்வு செய்யும்படி கோர மேலும் 4,000 ரூபாய். எங்கள் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. இன்னொரு தடையும் இருந்தது. விதிகளின்படி விண்ணப்பமும் விவரக்குறிப்பும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தமிழும் ஸ்பானரும்தான். எனவே, கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலேயே, அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். படங்களை அவரே வரைபடத் தாளில் பென்சிலால் போட்டார். நான் அவற்றின் மேல் மையிட்டேன்.

கல்லூரிக் கண்காட்சியில் பிடிப்பை வைக்க ஆசைப்பட்டேன். எங்கள் இயற்பியல் பேராசிரியர் தடுத்துவிட்டார். விண்ணப்பிக்கும் முன் பொருளை வெளியிட்டால் அதன் புதுமை கெட்டுவிடும். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு என்றார். அப்படியானால் நாங்கள் தெருவில் ஓட்டினோமே என்று பயந்தேன். தேவையான சோதனைக்காகக் கண்டுபிடித்தவரே ஓராண்டுக்குள் வெளியில் பயன்படுத்திப் பார்த்தால் சட்டம் அதைப் பொறுத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கிய பின்னரே மனம் அமைதியுற்றது.

ஆய்வாளர் கேட்பவை

விண்ணப்பம் போட்டவுடன் யாரும் அதனை ஆராய்வதில்லை. சாதாரணமாக 18 மாதங்கள் வரை அது வெளியிடப்படாமல் இருக்கும். பிறகு அலுவலகத்தின் இதழில் வெளிவரும். ஆய்வுக்கெனத் தனியே கோர வேண்டும். 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளின்படி, அதன் பின் போடும் விண்ணப்பங்களுக்கு இந்தக் கோரிக்கையை 31 மாதங்களுக்குள் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கொள்வர். ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் தேடி முதல் ஆய்வறிக்கையை அனுப்புவார். அதற்கு 6 மாதங்களுக்குள் மறுமொழி அளிக்க வேண்டும்.

அவர் பார்ப்பவை முக்கியமாக மூன்று. பொருள் புதியதா? அதில் அறிவு முன்னேற்றம் உண்டா? தொழிலில் பயன்படுமா? இவற்றோடு, சட்டத்தின் 3-ஆம் பிரிவு விலக்கியுள்ளவற்றுள் அடங்குமா என்றும் பார்ப்பார்.

விவரக்குறிப்பின் இறுதியில் ‘கோரிக்கைகள்’ என்று ஒரு பகுதி உண்டு. வயலுக்கு வரப்பு எப்படியோ, அப்படியே காப்புரிமைக்குக் கோரிக்கை. எவ்வளவு நமது என்பதை அதுவே சொல்லும். நான் பெருமிதத்துடன் மூன்று கோரிக்கைகள் எழுதியிருந்தேன். முதலாவது, கேம் கைப்பிடி கொண்ட பிடிப்பு. இரண்டாவது, அத்துடன் முளையும் துளைகளும். மூன்றாவது, துளைகள் மூன்றாக இருப்பது. அறிக்கை வந்த அன்று மூன்றும் வீழ்ந்தன.

முதல் கோரிக்கை புதியதே அன்று. இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ கம்பாக்னோலோ 1930-ஆம் ஆண்டளவிலேயே சக்கரங்களை விரைந்து கழற்ற இத்தகைய கைப்பிடியை உருவாக்கினார். பின்னாளில் அது ஆசனத்துக்கும் வந்தது. அமெரிக்காவில் 1984-இல் ஜோ பிரீஸ், ஜாஷ் ஏஞ்செல் இருவரும் அக்கைப்பிடியோடு ஒரு ஸ்பிரிங்கையும் சேர்த்து, வண்டியிலிருந்து இறங்காமலே ஆசனத்தை ஏற்றி இறக்க வழி செய்தனர். கைப்பிடி தம்முடையது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றியதாகவே சொன்னார். உரிமை கொண்டாடியவள் நான்.

இரண்டாவது கோரிக்கைக்கு ஆய்வாளர் காட்டியது சாலையில் ஓடாத ஒரு வண்டி. உடற்பயிற்சிக் கூடங்களில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் முளையும் துளையும் முன்பே உண்டு. “அதை நான் பாத்ததே இல்லையே” என்றார் அப்பா. பார்க்கவில்லைதான். ஆனால் சட்டம் கேட்பது செய்தவருக்கு அது புதியதா என்பதையன்று. உலகுக்குப் புதியதா என்பதையே. நமக்குக் கிடைக்கும் உரிமை இந்திய எல்லைக்குள் மட்டும் செல்லும். புதுமையை அளக்கும் கோலோ உலகம் முழுவதும் நீளும்.

மேலும் 3-ஆம் பிரிவின் ‘எஃப்’ உட்பிரிவையும் அறிக்கை சுட்டியிருந்தது. தெரிந்த பொருள்களைச் சேர்த்து வைத்தாலும், ஒவ்வொன்றும் தனித்தனியே தன் பழைய வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. கைப்பிடி இறுக்குகிறது, முளை நிறுத்துகிறது. ஒன்றுக்கொன்று உறவில்லை என்பது ஆய்வாளரின் கருத்து. மூன்றாவது கோரிக்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம். துளைகளின் எண்ணிக்கையில் என்ன கண்டுபிடிப்பு இருக்கிறது?

இதற்கு ஒரு முன்மாதிரி வழக்கும் உண்டு. பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் கருவி ஒன்றுக்கு 1951-இல் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமை, மிர்சாபூர் நிறுவனம் ஒன்றோடு வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978 டிசம்பர் 13 அன்று நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பட்டறையில் இயல்பாகச் செய்யும் சீர்திருத்தத்தை விட மிகுதியான ஒன்று இருந்தாலொழியக் காப்புரிமை இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அத்துறையில் கைதேர்ந்த ஒருவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதா என்பதே அளவுகோல்.

இங்கே எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. சைக்கிள் பிடிப்பைப் பொறுத்தவரை, அந்தக் கைதேர்ந்த மனிதர் யார்? என் தந்தையைப் போன்ற ஒருவர்தானே! அவருக்கோ தாம் செய்வதெல்லாம் எளியதாகவே தோன்றுகிறது. ஆகையால்தான் அவர் எதையும் அழுத்திச் சொல்வதில்லை.

எழுதாமல் விட்ட நாக்கு

படிப்பவர்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: அந்த நாக்கு என்னவாயிற்று?

நாக்கை நான் எழுதவே இல்லை. அப்பா சொன்னார், நான் கேட்டேன். அது தங்கை விழுந்ததற்காகச் செய்த ஒரு சிறு ஒட்டு வேலை என்று நினைத்து விட்டுவிட்டேன். உலகம் அறிந்த கைப்பிடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய என் பேனா, அப்பாவின் சொந்தப் பொருளுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. ஆய்வாளர் மேல் கோபமாக இருந்த அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “படத்துல போட்டிருக்கேனே கண்ணு” என்றார்.

அறிக்கையை மீண்டும் எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், முறைக் குறைபாடுகளின் வரிசையில், நான் படிக்காமல் தாண்டிய ஒரு குறிப்பு இருந்தது. மூன்றாம் படத்தில் இரண்டு பாகங்களுக்கு எண்ணும் இல்லை, விளக்கமும் இல்லை என்பதே அது. அந்த இரண்டு பாகங்கள் நாக்கும் வாலும்!

பேராசிரியரிடம் ஓடினேன். அவர் சட்டத்தின் 59-ஆம் பிரிவைப் படிக்கச் சொன்னார். விவரக்குறிப்பைத் திருத்தலாம், ஆனால் முன்பே அதில் சொல்லப்படாத, காட்டப்படாத எதையும் புதிதாகப் புகுத்தக் கூடாது. திருத்திய கோரிக்கையும் பழைய கோரிக்கையின் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். ‘காட்டப்படாத’ என்ற சொல்லின் கீழ் அவர் விரலை வைத்தார். வரைபடமும் விவரக்குறிப்பின் ஒரு பகுதியே. நாங்கள் வரப்பைப் பெருக்கவில்லை; குறுக்குகிறோம். முளையும் கைப்பிடியும் கொண்ட எல்லாப் பிடிப்பும் எமது என்னாமல், முளை விழுந்தாலன்றிக் கைப்பிடி மடங்காத பிடிப்பு மட்டுமே எமது என்கிறோம். இப்போது இரண்டும் தனித்தனியே வேலை செய்வதாகவும் கூற முடியாது. ஒன்று மற்றொன்றுக்குக் காவல்.

அவ்வாறே பாகங்களுக்கு எண்ணிட்டு, கோரிக்கையைத் திருத்தி, உரிய காலத்துக்குள் மறுமொழி அனுப்பினோம். இம்முறை ஒவ்வொரு வரியையும் தமிழில் அப்பாவுக்குப் படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதாமல் காட்டப்பட்ட நாக்கை அலுவலகம் ஏற்குமா, அது பட்டறைச் சீர்திருத்தத்தைக் கடந்ததென்று ஒப்புமா என்பது இவ்விதழ் அச்சுக்குப் போகும் நாள்வரை தெரியவில்லை. முதலிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் முதல் ஐயத்துக்கு இடமே இருந்திராது.

நம் கடமை

வரலாற்று மாணவிக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன். எழுதி வைக்கப்படாதது எப்படி மறைந்து போகும் என்பதை வகுப்பில் மூன்று ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். அதே பிழையை என் வீட்டுக் கூரையின் கீழ் நானே செய்தேன். ஆய்வாளர் அப்பாவின் கையைப் பார்க்க முடியாது. தாளைத்தான் பார்க்க முடியும். அந்தத் தாளை எழுத வேண்டியவர்கள் நம்மைப் போன்றவர்களே.

நண்பர்களே, நம்மில் பலர் தச்சர், கொல்லர், நெசவாளர், உழவர் வீடுகளிலிருந்து இக்கல்லூரிக்கு வந்திருக்கிறோம். நம் பெற்றோர் சிறியதென்று ஒதுக்கிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். கேட்டதைச் சொன்னபடியே எழுதுவோம். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுவோம். தங்கை இப்போது அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறாள். அவள் ஏறும் முன் கைப்பிடியை மடக்கும் ஓசை தினமும் காலையில் கேட்கிறது. அப்பா கடையிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் வேலையில் குனிகிறார்.