பிடி ஓர் ஊர், அலகு ஓர் ஊர்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கிறது அதியமான்கோட்டை. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அங்கே ஆயுதங்களைப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானுடையவை மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மனைக்குள் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் ஒரு குத்து! ஆனால் பழைய ஆயுதம் சேகரிப்பவரைக் கேட்டால் தொண்டைமான் பக்கம்தான் சாய்வார். களத்தில் உழைத்த கத்தி தேய்ந்து, உடைந்து, கடைசியில் உலைக்குப் போய்விடும். அழகுக்காக இடுப்பில் தொங்கியதுதான் தலைமுறை தாண்டி வரும்.

அப்படி வந்தவற்றில் உலகச் சந்தையில் பேர்போனது ஜெர்மன் ராணுவ அதிகாரிகளின் சடங்குக் குத்துவாள். தரைப்படை அதிகாரிகளுக்கு இது 1935இல் வந்தது. பிடிக்குக் கீழே குறுக்குத் தண்டில் சிறகு விரித்த கழுகு, புள்ளி புள்ளியாகப் புடைத்த உலோக உறை, பிடியில் சுற்றிய வெள்ளிச் சரிகைக் குஞ்சம். அலகுக்குக் கூர் கிடையாது. சீருடையின் ஓர் அங்கம், அவ்வளவே. பெரும்பாலும் சோலிங்கன் நகரப் பட்டறைகளில் செய்யப்பட்டவை. 1945இல் வென்ற நாட்டுச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாக ஊருக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். விலை ஏறியதும் பட்டறைகளில் மிஞ்சிக்கிடந்த உதிரிப் பாகங்களைப் பூட்டி 'பழைய' வாள்கள் முளைத்தன. கழுகின் காலடியில் ஸ்வஸ்திகா இருப்பதால் ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவதற்குச் சட்டத் தடை உண்டு. அந்தச் சின்னத்துக்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது இந்தப் பொழுதுபோக்கின் அசிங்கமான பக்கம்.

நம் பக்கத்தில் இதற்கு இணையாக நிற்பது தஞ்சாவூர் அரண்மனைக் கட்டாரி. சாதாரணக் கத்தியைப் போல இதைப் பிடிக்க முடியாது. முன்கையை ஒட்டி இரண்டு பட்டைகள் நீள, நடுவிலுள்ள குறுக்குக் கம்பிகளை முஷ்டிக்குள் இறுக்க வேண்டும். அப்போது அலகு விரல்முட்டிகளுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். குத்தும்போது தோளின் வலு முழுக்க முனைக்கே போகும். புறங்கையைக் காக்கப் பாய்மரம்போல் வளைந்த தகடு. அதில் சல்லடை வேலை, விளிம்பில் யாளி. இத்தனை நுணுக்கமாகப் பிடியைச் செய்த கொல்லர்கள், பல கட்டாரிகளுக்கு அலகை மட்டும் கடல்வழி வந்த ஐரோப்பிய வாள்களிலிருந்து நறுக்கி, தறையாணி அடித்துப் பொருத்தினார்கள். இந்தியாவுக்கு வந்த அத்தகைய அலகுகளில் சோலிங்கன் சரக்கும் உண்டு.

1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. ஆயுதசாலையின் பெரும்பகுதி 1860களில் பழைய இரும்பு விலைக்குப் போனது. பொறுக்கி எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. வேறு சில கப்பலேறின. அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜார்ஜ் கேமரான் ஸ்டோன் 1935இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்த ஆயுதங்களிலும் தஞ்சைக் கட்டாரிகள் இருந்தன.

அயல் அலகை நாடியதால் உள்ளூர் இரும்பு மட்டம் என்று பொருளில்லை. இந்திய எஃகை ஆராய்ந்து 1795இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படிக்கும் அளவுக்கு நம் உருக்குக்குப் பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சேலத்துக் கொல்லர் அருணாசலம் செய்த வேட்டைக் கத்தியும் பன்றி ஈட்டியும் ஆங்கில அதிகாரிகளிடையே பிரபலம். அலகில் தன் பெயரையும் ஊரையும் ஆங்கில எழுத்தில் பொறித்தார். அரண்மனைக் கொல்லர்களின் பெயர் நமக்குத் தெரியாத நிலையில், இந்த முத்திரை ஏலக்காரர்களுக்குக் கிடைத்த வரம். அன்று அதியமான்கோட்டையும் சேலம் மாவட்டத்தில்தான். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்.

கட்டாரி வாங்க ஆசைப்படுபவர் முதலில் பார்க்க வேண்டியது தறையாணியை. அலகும் பிடியும் சேருமிடத்தில் துரு ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும்; மற்ற இடமெல்லாம் கறுத்து ஆணித்தலை மட்டும் மின்னினால், அண்மையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அடுத்தது சட்டம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைக் கடந்த கட்டாரியைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1935ஆம் ஆண்டு ஜெர்மன் குத்துவாளுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை.