தலைக்கருகே ஒரு பெயர்

மெக்சிகோவின் வெஷோட்சிங்கோ வட்டாரத்தில் 1560ஆம் ஆண்டு வரி கட்டுவோரைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கேடு இன்று பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பக்கம் பக்கமாக மனிதத் தலைகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு சித்திரம். கழுகு, முயல், பூ, கேடயம் என்று அவை நீள்கின்றன. அலங்காரம் என்று தோன்றும் இவை ஒவ்வொன்றும் ஓர் ஆளின் பெயர்.

ஸ்பானியர் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லோருக்கும் ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஊருக்குள் எத்தனையோ ஹுவான்கள், எத்தனையோ பெத்ரோக்கள். யார் எந்த ஹுவான் என்று பிரித்துச் சொல்ல அவர்களுடைய தாய்மொழியான நாவாட்டலில் அமைந்த பழைய பெயர்தான் உதவியது. அதனால் கிறிஸ்தவப் பெயரைப் பெரும்பாலும் ரோமன் எழுத்திலும், நாவாட்டல் பெயரைச் சித்திரத்திலும் ரோமன் எழுத்திலுமாகக் குறித்தார்கள்.

கழுகு, முயல் போன்ற பெயர்கள் எளிது. பொருளை வரைந்தால் போதும். 'பகைவன்' என்று பொருள்படும் யாவோட்டல் என்ற பெயரை எப்படி வரைவது? எழுத்தர்கள் கேடயத்தையும் போர்த்தடியையும் சேர்த்து வரைந்தார்கள். ஆஸ்டெக் அரசர்களின் பெயர்களிலும் இந்த முறை உண்டு. அகமாபிச்ட்லியின் பெயர் நாணல்களை இறுகப் பிடித்த ஒரு கை. சிமால்போபோகாவின் பெயர் புகை கிளம்பும் கேடயம்.

இதுவரை பார்த்ததை வைத்து, இவை வெறும் படங்கள்தானே, எழுத்து எப்படி ஆகும் என்று ஒருவர் கேட்கலாம். நீண்ட காலம் பல அறிஞர்களே அப்படித்தான் நினைத்தார்கள். அதற்கான விடை இட்ஸ்கோவாட்டல் என்ற ஒரே பெயரில் கிடைக்கிறது.

1427 முதல் 1440 வரை ஆண்ட அரசர் இட்ஸ்கோவாட்டல். மெண்டோசா சுவடி என்ற சித்திர ஏட்டில் அவர் பெயர் ஒரு பாம்பு. அதன் உடலில் எரிமலைக் கண்ணாடிக் கல்லின் கூர்முனைகள். கல்லுக்கு 'இட்ஸ்ட்லி', பாம்புக்கு 'கோவாட்டல்'. பொருளும் ஒலியும் ஒத்துப்போகின்றன. ஆனால் 1540களில் தெஷ்கோகோ வட்டாரத்தில் உருவான வெர்காரா சுவடியில் அதே பெயரில் பாம்பே இல்லை! கல்முனை, ஒரு பானை, தண்ணீர் ஆகிய மூன்றும்தான் உள்ளன. பானை 'கோமிட்ல்', தண்ணீர் 'ஆட்ல்'. ஈறுகளை விட்டு முதல் ஒலிகளைக் கோத்தால் இட்ஸ்–கோ–ஆ. பெயரின் பொருளோடு பானைக்கும் தண்ணீருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒலியை எழுதியிருக்கிறார்கள். ஒலியை எழுதினால் அது எழுத்துமுறையேதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஒபேன் இதைக் கவனித்துவிட்டார். 2008இல் ஸ்பானிய அறிஞர் அல்ஃபோன்சோ லகடேனா அசைக்குறிகளைத் தொகுத்து அட்டவணையாகவே வெளியிட்டார். ஸ்பானியரைப் பார்த்துக் கற்றதே இந்த ஒலிமுறை என்ற பழைய கருத்தையும் அவர் மறுத்தார்.

அந்நியப் பெயர்கள் வந்தபோது இந்த முறை நன்றாகக் கைகொடுத்தது. நாவாட்டலில் 'மெண்டோசா'வில் வரும் மெலிந்த 'ட' ஒலியோ 'ர'வோ கிடையாது. ஸ்பானிய வைஸ்ராய் மெண்டோசாவின் பெயரைக் கற்றாழையையும் ('மெட்ல்') மண்ணுக்குள் வளை தோண்டும் கொறிவிலங்கையும் ('தோசான்') சேர்த்து 'மெ–தோசா' என்று எழுதினார்கள். கேட்ட ஒலிக்கு ஏறக்குறைய வந்துவிட்டதே! ஸ்பானியப் படைத்தலைவர் பெத்ரோ தே அல்வராடோவுக்கு வேறு வழி. நாவாட்டல் பேசிய மக்கள் அவரை 'தோனாட்டியூ', அதாவது சூரியன், என்றே அழைத்தார்கள். தெல்லெரியானோ சுவடி 1541இல் நேர்ந்த அவர் இறப்பைப் பதியும்போது, உடலோடு ஒரு சூரியனை வரைகிறது.

அரசர்களின் பெயர்களைப் பல நூல்கள் காப்பாற்றியிருக்கின்றன. வெஷோட்சிங்கோ ஏட்டில் இருப்பவர்களோ உழவர்கள், தச்சர்கள், கைம்பெண்கள். வரி வசூலுக்காகத்தான் அவர்களை எழுதினார்கள்; ஆனாலும் அவர்களுடைய நாவாட்டல் பெயர் அதில் பதிவாகிவிட்டது. இப்போது அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இந்தச் சித்திரங்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, வாசிப்போடு இணைய அகராதியாகத் தொகுத்துவருகிறார்கள்.