கூரைக்குள் பானை, குளியலறைக்கு மேலே வானம்

எங்கள் கனகம்மாசத்திரத்தில் யாராவது வீடு கட்டப் போகிறேன் என்றால் போதும், முதல் கேள்வி "கம்பி என்ன விலைக்குப் பேசியிருக்கீங்க?" என்பதுதான். அடுத்தது, "சிமெண்ட் எத்தனை மூட்டை ஆகுமாம்?" இந்த இரண்டையும் முடிந்த மட்டும் குறைத்துவிட்டு ஒரு ஆர்க்கிடெக்ட் தனக்கென்றே கட்டிக்கொண்ட வீடு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது! புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில் பக்கம், ஆரோமொடேலில். பெயர் 'வால் ஹவுஸ்'. கட்டியவர் அனுபமா குண்டூ. 2000-ஆம் ஆண்டில் முடிந்த வேலை. இதன் வரைபடங்களையும் படங்களையும் பரப்பி வைத்தால் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை. வாருங்கள், உங்களுக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிடுகிறேன்.

முதலில் சுவர். கிட்டத்தில் போய்ப் பாருங்கள். நம் சூளைக் கல் மாதிரி தடிமனாக இல்லை; சுமார் ஒரு அங்குலம்தான். அச்சுக்கல்! பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மொட்டைமாடிக்குக் குத்துக்கல்லாக வைத்தார்களே, அதே குடும்பம். தேக்கு உத்தரத்துக்கு மேல் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து நிறுத்தி வைத்த கல், இங்கே சுண்ணாம்புச் சாந்தில் வரி வரியாகப் படுத்து முழுச் சுவராகிவிட்டது. பூச்சும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. ஒவ்வொரு வரியிலும் கொத்தனாரின் கை தெரிகிறது. ஒரு வரி கோணினாலும் மூடி மறைக்க வழியில்லை. எத்தனை நம்பிக்கை இருந்தால் கொத்தனாரிடம் இப்படி ஒரு சுவரை ஒப்படைக்க முடியும்!

உள்ளே நுழைந்தால் இன்னொரு ஆச்சரியம். வீட்டின் நடுப்பகுதி நீளமாக ஓடுகிறது, அகலமோ 2.2 மீட்டர்தான். ஏழேகால் அடி! "இவ்வளவு ஒடுக்கமா?" என்று கேட்பீர்கள். ஆனால் உட்காரவும் படுக்கவும் தேவைப்படும் இடங்களில் பக்கச் சுவர் மாடமாக உள்வாங்கியும் வெளியே நீட்டிக்கொண்டும் இடம் கொடுக்கிறது. சதுரம் சதுரமாக அறை பிரித்துக் கதவு போடும் பழக்கத்துக்கு இங்கே வேலையே இல்லை.

இப்போது அண்ணாந்து பாருங்கள். நீண்ட வளைவுக் கூரை. உள்ளே கூடான சுட்ட மண் குழாய்களை வைத்துக் கட்டியது. இரும்புக் கம்பி இல்லை. எப்படி நிற்கிறது? சங்கிலியின் இரண்டு நுனியையும் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு வளைவு வருமே, அதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் வருவதுதான் இந்த வளைவு. பாரம் முழுவதும் அழுத்தமாகவே கீழே இறங்குவதால், இழுவிசையைத் தாங்கும் கம்பிக்கு வேலை இல்லாமல் போகிறது. குழாய்க்குள் இருக்கும் காற்று வெயிலையும் தடுத்துவிடுகிறது.

தட்டையான தளம் வரும் இடங்களிலோ கான்கிரீட்டுக்குள் பானை! நிஜமான மண்பானை! தளத்தின் அடிப்பாகத்தில் இருக்கும் கான்கிரீட்டில் பெரும்பகுதி தன் எடையைச் சேர்ப்பதோடு சரி, பாரம் தாங்குவது குறைவு. அந்த இடத்தைப் பானைகளால் நிரப்பினால் தளத்தின் ஆழம் கூடும், கான்கிரீட்டும் கம்பியும் குறையும், குயவருக்கும் வேலை கிடைக்கும். பிளாஸ்டிக் குடம் வந்து குயவர் வீட்டு வருமானத்தில் கைவைத்த ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகப் படும். எனக்கும் அப்படித்தான்.

குளியலறையை விட்டுவிட்டுப் போக முடியாது. கூரைக்குக் கீழே தொடங்கி, திறந்த வானத்துக்குக் கீழே முடிகிறது. மழை நாளில் குளியல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்களேன்!

இந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்ததல்ல. புணேயில் பிறந்து மும்பை ஜே.ஜே. கல்லூரியில் படித்த அனுபமா, 1990-இல் ஆரோவில்லுக்கு வந்ததும் தனக்குக் கட்டிக்கொண்டது ஒரு குடிசை: சவுக்குக் கழி, தென்னங்கயிறு, கீற்று. அதில் குடியிருந்துகொண்டே ஊர்க் கைவேலைக்காரர்களோடு வேலை பழகினார். அதற்கு அப்புறம்தான் இந்தச் சுவரும் பானையும். வாடிக்கையாளர் தலையில் சோதனை வைக்காமல் தன் தலைக்கு மேலேயே வைத்துப் பார்த்தார் என்பதற்காகவே அவர் மீது எனக்குத் தனி மதிப்பு.

இதைவிடப் பெரிய கூத்து 2012-இல் நடந்தது. வெனிஸ் கட்டிடக்கலை பினாலேயில் இந்த வீட்டை மாதிரியாக அல்ல, முழு அளவிலேயே எழுப்பினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கைவினைஞர்கள் வெனிஸுக்குப் போனார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக மாணவர்களும் வெனிஸ் மாணவர்களும் அவர்களோடு சேர்ந்து கல் அடுக்கினார்கள். கட்டிடக்கலை படிக்கும் பிள்ளைகள், நம் ஊர்க் கொத்தனார் பக்கத்தில் நின்று, நூல் பிடித்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்!