சாதுவான வேடத்தில் 612 குதிரைத்திறன்

மெர்சிடிஸ் சிஎல் 65 ஏஎம்ஜி பக்கத்தில் வந்து நின்றால் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. பின்னால் இறக்கை இல்லை. பானெட்டில் துளைகள் இல்லை. நீளமான இரண்டு கதவுக் கார், அவ்வளவுதான். நடுத்தூண் இல்லாததால் கண்ணாடிகளை இறக்கினால் பக்கவாட்டு முழுவதும் திறந்துகொள்ளும். காட்டிக்கொடுப்பவை நான்கு புகைக்குழல்களும் சில சிறு எழுத்துகளும். உள்ளே 6 லிட்டர் வி12 இன்ஜின், இரண்டு டர்போ, 612 குதிரைத்திறன். இரண்டு டன்னைத் தாண்டும் இந்த வண்டி 4.4 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது.

இவ்வளவு பலம் ஏன் அதிரவில்லை?

நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்குகின்றன. கணக்கு நேராகிவிடும் என்று தோன்றும், ஆகாது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்தபடி இயங்குவதால், பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியைக் கீழ்பாதியைவிட வேகமாகக் கடக்கிறது. கழியாமல் மிஞ்சும் விசை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை இன்ஜினைக் குலுக்குகிறது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் வைத்தால் அந்த மிச்சமும் கழிந்துவிடும். அப்படி இரண்டு வரிசை சேர்ந்ததே வி12. கிராங்க் 60 பாகை திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரிகிறது. ஒன்றின் தள்ளல் ஓயும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுகிறது. புகையின் துடிப்பிலிருந்து டர்போ ஆற்றலை எடுத்துக்கொள்வதால் ஓசையும் மட்டுப்படுகிறது.

முறுக்குவிசை 1000 நியூட்டன் மீட்டர். இன்ஜினால் 1200 தர முடியும், மின்னணுக் கட்டுப்பாட்டால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அப்போது புதிதாக வந்திருந்த ஏழு கியர் பெட்டி இந்த 1000-ஐயே தாங்காது என்பதால் பழைய ஐந்து கியர் பெட்டியைத்தான் பொருத்தினார்கள்!

எனக்கு இன்ஜினைவிட வியப்பளிப்பது சஸ்பென்ஷன். 1999-இல் சிஎல் வரிசையோடு அறிமுகமான ‘ஆக்டிவ் பாடி கண்ட்ரோல்’, வளைவில் வண்டி சாயப்போவதைச் சென்சார்களால் அறிந்து, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டருக்கு அழுத்தமேற்றிய எண்ணெயை அனுப்பி உடலை நிமிர்த்துகிறது. நம் உட்செவி சீரான வேகத்தை உணராது. வேகம் மாறுவதைத்தான் உணரும். வேகத்தை நாம் ஊகிப்பது இரைச்சல், அதிர்வு, சாய்வு, கண்முன் ஓடும் காட்சி ஆகியவற்றைக் கொண்டு. இந்தக் கார் முதல் மூன்றையும் பெருமளவு அடக்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டரில் போகிறவர் 120 என்றே நினைத்திருப்பார்.

பிரேக் அப்படி ஏமாறாது. 200-இல் ஓடும் வண்டியை நிறுத்த, 100-இல் ஓடுவதை நிறுத்துவதைவிட நான்கு மடங்கு ஆற்றலை அது வெப்பமாக்க வேண்டியிருக்கிறது.